பித்தநீரும் பெருங்குடலும்

1992-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உரோமையில் இராயப்பர் சதுக்கத்தில் திரிகால ஜெபத்துக்காகத் திரண்டிருந்த மக்களிடம், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், தாம் சில சோதனைகளுக்காக ஜெமெல்லி மருத்துவமனைக்குச் செல்லவிருப்பதாகக் கூறி, தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். மூன்று நாட்களுக்குப் பின், 15-ஆம் நாள், அவருக்கு அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. பெருங்குடலின் கீழ்வளைவில் ஒரு கட்டி இருந்தது. அது ஆரஞ்சுப் பழம் அளவு இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. கட்டி புற்றுநோயாக முதிர்ந்துவிடவில்லை. ஆயினும் அதன் சில பகுதிகளில் உயிரணுக்கள் நெறி பிறழத் தொடங்கியிருந்தன என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். அதே அறுவையின்போது, கற்கள் இருந்த காரணத்தால், அவருடைய பித்தப்பையும் நீக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 72. நோயாளருக்கென்று ஓர் உலக நாளை அவர் நிறுவி அப்பொழுது இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. அந்நாள் முதன்முறையாக 1993 பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று கொண்டாடப்பட்டபோது, அதை நிறுவியவரே நோயாளியாய்ப் படுத்து எழுந்தவராக இருந்தார்.

ஒரே மனிதரின் உடலிலிருந்து ஒரே நாளில் பெருங்குடல் கட்டியும் பித்தப்பையும் அகற்றப்பட்டதைத் தற்செயல் என்றே நாம் கொள்ளவேண்டும். முதுமையில் இரண்டுமே பலருக்கு வருபவை. பித்தப்பையை எடுத்துவிட்டால் பிற்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் சற்றே மிகுமா என்று ஆராய்ந்தவர்களுள் சிலர் ஆம் என்றும், சிலர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பித்தநீருக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் ஏதோ ஓர் உறவு உண்டு என்ற ஐயம் மருத்துவ உலகில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அந்த ஐயத்தின் கதையையும், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும் வலி மாத்திரைக்கும் அதே நோய்க்கும் உள்ள விந்தையான தொடர்பையும் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பித்தநீர் ஏறுவதில்லை; இறங்குகிறது. ஈரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. அவை பித்தப்பையில் தேங்கி நின்று, கொழுப்புள்ள உணவு குடலில் வந்து சேர்ந்ததும் பீறிட்டு வெளிவருகின்றன. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சீயக்காய் எவ்வாறு துலக்குகிறதோ அவ்வாறே இவ்வமிலங்கள் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துச் செரிமானத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன. வேலை முடிந்ததும் அவற்றை வீணாக்க உடலுக்கு மனமில்லை. சிறுகுடலின் கடைக்கோடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே மீண்டும் ஈரலுக்குப் போய்ச் சேருகின்றன. உடலில் மொத்தமாக உள்ள சில கிராம் பித்த அமிலமே ஒரு நாளில் பலமுறை இவ்வாறு சுற்றி வருகிறது. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

எஞ்சிய ஐந்து பங்கில்தான் சிக்கல். அது தப்பிப் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒரு சில இனங்கள் இவ்வமிலங்களைப் பிடித்து, அவற்றின் உருவைச் சற்றே மாற்றி, டீஆக்ஸிகோலிக் அமிலம், லித்தோகோலிக் அமிலம் என்னும் இரண்டாம் நிலை அமிலங்களாக ஆக்கிவிடுகின்றன. ஈரல் செய்து அனுப்பியது ஒன்று. பெருங்குடலில் கிடப்பது மற்றொன்று.

டீஆக்ஸிகோலிக் அமிலத்தின்மீது முதலில் ஐயம் எழுந்தது வேதியியல் கூடத்தில்தான். பித்த அமிலங்களின் ஆராய்ச்சிக்காக 1927-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய அறிஞர் வீலாந்து, 1933-இல் தம் கூட்டாளியுடன் சேர்ந்து, இவ்வமிலத்தைப் பல படிகளில் மாற்றிக் கொடிய புற்று விளைவிக்கும் பொருள் ஒன்றை உண்டாக்கிக் காட்டினார். நம் உடலில் அப்படிப்பட்ட மாற்றம் நடப்பதில்லை. எனினும் அந்த ஒற்றுமை விஞ்ஞானிகளை உறுத்தியது. 1940-இல் இலண்டனில் கென்னவேயும் அவருடைய குழுவினரும் இவ்வமிலத்தையே சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது கட்டிகள் தோன்றின. 1974-இல் வேறு ஆய்வாளர்கள் எலிகளின் பெருங்குடலில் முதலில் ஒரு புற்றூக்கியைச் சிறிது இட்டுப் பின்பு லித்தோகோலிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். கட்டிகளின் எண்ணிக்கை மிகுந்தது. விதையை ஊன்றியது வேறொன்று. நீர் பாய்ச்சியது பித்த அமிலம்.

எலிக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமா? இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. 1971-இல் ஹில் என்பவரும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, உகாண்டா, ஜப்பான், இந்தியா ஆகிய இடங்களின் மக்களுடைய மலத்தைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பெருங்குடல் புற்றுநோய் மிகுந்திருந்த நாடுகளின் மக்களிடம் பித்த அமிலங்களும் மிகுந்திருந்தன. நோய் அருகியிருந்த நாடுகளில் அவை குறைந்திருந்தன. இந்தியா குறைவான பக்கத்தில் இருந்தது. அதே ஆண்டில், உகாண்டாவில் நெடுங்காலம் பணிபுரிந்த அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் பர்கிட், ஆப்பிரிக்கக் கிராமத்தாரின் நார் மிகுந்த உணவே அவர்களைக் காக்கிறது என்று எடுத்துரைத்தார். நம் இரயில்வே மருத்துவ அதிகாரியாயிருந்த மல்ஹோத்ராவும் 1977-இல், உணவை நன்கு மென்று உமிழ்நீரோடு கலப்பதும், தயிர், மோர் போன்றவையும், காய்கறி நாரும் இந்தியரைக் காக்கக்கூடும் என்று ஒரு கருத்தை வெளியிட்டார். மோரைப் பற்றிய வரியைப் படித்தபோது நமக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கருத்து வேறு, நிரூபணம் வேறு. நாடுகளை ஒப்பிட்டபோது தெளிவாகத் தெரிந்த பித்த அமில வேறுபாடு, நோயாளி ஒருவரையும் நோயற்ற ஒருவரையும் அருகருகே வைத்து அளந்தபோது சில ஆய்வுகளில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதனால் நெடுங்காலம் இவ்வாராய்ச்சி நொண்டி நடந்தது.

வேலூரிலிருந்து தெற்கே திருவண்ணாமலைச் சாலையில் செல்வோர் கணியம்பாடியைக் கடந்தே செல்லவேண்டும். ஒரு புறம் ஜவ்வாது மலைத்தொடர். அமிர்திக் காட்டுக்கும் இவ்வழியே போகலாம். பேருந்து சன்னல் வழியே பார்ப்பவருக்கு இது எல்லா ஊரையும் போன்ற ஓர் ஊர். ஆனால் மருத்துவ உலகில் கணியம்பாடி ஒன்றியத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு இங்குள்ள கிராமங்களைப் பல்லாண்டுகளாக வீடு வீடாகக் கவனித்துவருகிறது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர், அவருக்குமேல் உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று நான்கு படிகளாக அமைந்த ஏற்பாடு அது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே பிறப்பும் இறப்பும் கர்ப்பமும் குறிக்கப்படுகின்றன. வீட்டில் மரித்தவர் எதனால் மரித்தார் என்பதைக்கூட உறவினரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் முறை இங்கே கையாளப்பட்டது. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் நாட்டின் நோய்நிலை தெரிந்துவிடாது. வராமலே போனவர்களையும் எண்ணவேண்டும் என்பதை இத்தகைய பணியே கற்பித்தது.

வட ஆர்க்காட்டுக் குடல்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இப்பகுதிக்குப் புதிதன்று. 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் இம்மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ எனப்படும் நீடித்த வயிற்றுப்போக்கு கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூரில் மருத்துவர் பேக்கரும் மருத்துவர் மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நோயே இல்லாதவர் என்று எண்ணப்பட்ட நம் மக்களின் சிறுகுடலும் மேலைநாட்டாரின் சிறுகுடலும் ஒன்றுபோல் இல்லை என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. பிற்காலத்தில் அதே வேலூரில் மருத்துவர் இராமகிருஷ்ணாவும் தோழர்களும், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளைக் கலந்து கொடுத்துப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. காரணம் என்ன? அம்மாவு பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடலை உப்பையும் நீரையும் உறிஞ்சச் செய்கின்றன. அச்சிறு அமிலங்களுள் பியூட்டிரிக் அமிலம் என்பது பெருங்குடலின் உயிரணுக்களுக்கு அன்றாட ஆகாரம். காலராவுக்காகக் கண்ட உண்மை நம் பொருளுக்கும் பயன்படுகிறது. ஒரே பெருங்குடலில் ஒரு கூட்டம் நுண்ணுயிர் நாரையும் மாவையும் உண்டு நல்ல அமிலத்தைத் தருகிறது. மற்றொரு கூட்டம் பித்த அமிலத்தைக் கெடுத்து வைக்கிறது. எந்தக் கூட்டத்துக்கு நாம் சோறு போடுகிறோம் என்பதே வினா.

இதை நேரிற் பார்த்தவர்களும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் இருபது பேருக்கும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபது பேருக்கும் இரண்டே வாரங்களுக்கு உணவை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கருக்கு நார் மிகுந்த ஆப்பிரிக்க உணவு. ஆப்பிரிக்கருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த அமெரிக்க உணவு. அமெரிக்கர்களிடம் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள் எழுபது விழுக்காடு குறைந்தன. ஆப்பிரிக்கரிடமோ அவை நானூறு விழுக்காடு ஏறின. குடலின் உட்தோலில் அழற்சியின் அடையாளங்களும் அதற்கேற்பக் குறைந்தன, ஏறின. இரண்டு வாரத்தில் எவருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை; போய்விடவும் இல்லை. ஆனால் பதினான்கு நாள் உணவு பெருங்குடலின் உள்நிலையை இவ்வளவு புரட்டிப் போடும் என்பதை அதற்குமுன் எவரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

கணியம்பாடிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கேழ்வரகுக் களியையும் கம்பங்கூழையும் பற்றிச் சொல்வார்கள். ஜவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. ஆயினும் அடிவாரத்து வீடுகளில் தீட்டிய வெள்ளை அரிசியே மூன்று வேளையும் என்றாகி வெகுநாளாயிற்று. திருநாளுக்கும் திருமணத்துக்கும் என்றிருந்த இறைச்சி, சாலையோரத்துப் பிரியாணிக் கடைகளின் புண்ணியத்தால் வாரநாட்களுக்கும் வந்துவிட்டது. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2015-இல் அறிவித்தது. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சி காரணமாகக்கூடும் என்றும் சொன்னது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் ஆன்மாவுக்காக விதிக்கப்பட்டது, குடலுக்காக அன்று. ஆனால் சுத்தபோசன நாளில் இறைச்சிக்குப் பதிலாக எண்ணெயில் பொரித்த மீனை இரட்டிப்பாக உண்பவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய பித்தப்பைக்கு அன்று ஓய்வு கிடைப்பதில்லை.

நம் நாட்டில் இந்நோய் இன்றும் மேலைநாடுகளைவிடக் குறைவே. நாட்டுப் பதிவேடுகளின்படி ஆண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் பெருங்குடலிலும், ஏறக்குறைய நான்கு பேர் மலக்குடலிலும் இந்நோயைப் பெறுகிறார்கள். மேலைநாடுகளில் இது பல மடங்கு. ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் ஒரு தலைமுறைக்குள்ளேயே இந்நோய் ஏறியது. இரத்தம் மாறவில்லை, சாப்பாட்டு மேசை மாறியது. நம்மவர் எவரும் கப்பல் ஏறாமலே அந்த மேசை நம் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதே நம் கவலை.

இனி மற்றக் கதை. ஆஸ்பிரின் 1897-இல் ஜெர்மனியில் தூய வடிவில் தயாரிக்கப்பட்டது. காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் உலகம் அதை விழுங்கியது; ஆனால் எழுபது ஆண்டுகளுக்குமேல் அது எப்படி வேலை செய்கிறதென்று எவருக்கும் தெரியாது. 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் அதைக் கண்டறிந்தார். உடலில் காயமோ கிருமியோ தாக்கும்போது, புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து சிவப்பையும் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகின்றன. ஆஸ்பிரின் அவற்றைச் செய்யும் நொதியை முடக்கிவிடுகிறது. இதற்காக அவர் 1982-இல் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் யாவும் இதே வழியில் செல்பவை. நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் பாராசிட்டமால் இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று.

1983-இல் அமெரிக்காவில் வாடல் என்னும் அறுவை மருத்துவர் ஓர் அபூர்வக் குடும்ப நோயைப் பற்றி எழுதினார். அந்நோயில் பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான சதைமுளைகள் தோன்றும். விட்டுவிட்டால் அவற்றுள் ஏதேனும் ஒன்று நிச்சயமாகப் புற்றாகும். வேறு காரணத்துக்காகச் சுலிண்டாக் என்னும் அழற்சி எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தபோது, அந்நோயாளிகளின் மலக்குடலில் இருந்த சதைமுளைகள் சுருங்கி மறைந்தன! 1993-இல் இருபத்திரண்டு நோயாளிகளைக் கொண்டு முறையாகச் சோதித்தபோது முளைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் முளைத்தன. இதற்கிடையே 1988-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கூனே என்பவர், ஆஸ்பிரின் உண்டுவந்தவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் குறைந்திருப்பதைக் கண்டார். 1991-இல் அமெரிக்காவில் ஆறு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் அவ்வாறே கூறியது: மாதத்தில் பதினாறு முறைக்குமேல் ஆஸ்பிரின் உண்டவர்களிடையே இந்நோயால் மரித்தவர் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைவு.

இரண்டு கதைகளும் ஒன்றுசேரும் இடம் இதுதான். டீஆக்ஸிகோலிக் அமிலம் பெருங்குடலின் உட்தோலை நாள்தோறும் அரிக்கிறது. எண்ணெயைக் கரைக்கும் பொருள் உயிரணுவின் கொழுப்புச் சுவரையும் கரைக்கத்தானே செய்யும்? அரிக்கப்பட்ட இடத்தில் உயிரணுக்கள் மடிகின்றன. அவற்றுக்கு ஈடாகப் புதியவை விரைந்து பெருகுகின்றன. விரைந்து பெருகும்போது பிழைகள் நேருகின்றன. அதோடு, இதே பித்த அமிலம் புராஸ்டகிளாண்டினைச் செய்யும் நொதிகளுள் ஒன்றைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்று 1990-களில் பரிசோதனைக்கூடங்களில் கண்டார்கள். புராஸ்டகிளாண்டின், பெருகும் உயிரணுக்களுக்கு மேலும் பெருகு என்று ஊக்கம் தருகிறது. மடியவேண்டியதை மடியவிடாமல் தடுக்கிறது. ஆக, பித்த அமிலம் திறந்துவிடும் மதகை ஆஸ்பிரின் அடைக்கிறது. இது மட்டுமே முழு விளக்கம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் கழனிக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இந்த அளவு விளங்கினால் போதும்.

இதைப் படித்தவுடன் ஒரு பட்டை மாத்திரை வாங்கிவர எவரேனும் எழுந்துவிட்டால், அவரைக் கையைப் பிடித்து உட்காரவைப்பது நம் கடமை. இனிச் சொல்வதையும் அவர் கேட்கவேண்டும்.

குடல் முளைகளைத் தடுக்குமென்று நம்பி, ரோஃபெகாக்சிப் என்னும் புதிய அழற்சி எதிர்ப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள். முளைகள் குறைந்தன, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரட்டிப்பாயின. 2004 செப்டம்பர் 30-ஆம் நாள் அம்மருந்து உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆஸ்பிரினும் குற்றமற்றதன்று. இரைப்பையில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். மூளையில் இரத்தக் கசிவும் நேரலாம். 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் முதியவர்கள் பத்தொன்பதாயிரம் பேரைக் கொண்டு நடந்த சோதனையில், எழுபது வயதுக்குமேல் புதிதாக ஆஸ்பிரின் தொடங்கியவர்களிடையே இறப்பு குறையவில்லை; சற்று மிகவே செய்தது. புற்றுநோய் இறப்பே அதற்குப் பெருங்காரணமாக இருந்தது என்பது அனைவரையும் திகைக்கவைத்தது. ஐம்பது வயதினருக்கு ஆஸ்பிரினைப் பெருங்குடல் காப்பாக 2016-இல் பரிந்துரைத்த அமெரிக்கக் குழு, 2022-இல் அப்பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பின் எவருக்குத்தான் அது பயன்? குடும்பத்தில் வழிவழியாக இந்நோய் வருகிறவர்களுக்கு. இப்பரம்பரை நோயை உலகம் ஏற்கும்படி செய்தவர் மருத்துவர் ஹென்றி லிஞ்ச். ஓமஹா நகரில் இயேசு சபையார் நடத்தும் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1960-களிலேயே குடும்பம் குடும்பமாகச் சென்று யார் எந்த வயதில் எந்தப் புற்றால் மரித்தார் என்று வம்ச வரலாறு எழுதினார். எவரும் நம்பாத காலத்திலும் அவர் எழுதுவதை விடவில்லை. அவர் பெயராலேயே அழைக்கப்படும் லிஞ்ச் நோய் உள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தகையோர் 861 பேருக்கு, பிரிட்டனின் பர்ன் என்பவரும் தோழர்களும் நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ இரண்டு ஆண்டளவு கொடுத்தார்கள். பலன் உடனே தெரியவில்லை. ஆண்டுகள் கழிந்தபின், 2011-இலும் 2020-இலும் கணக்கெடுத்தபோதே ஆஸ்பிரின் உண்டவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பது தெரிந்தது. மற்றொரு கூட்டத்தாருக்கும் இப்போது நம்பிக்கை பிறந்திருக்கிறது. 2025-இல் வடஐரோப்பிய நாடுகளின் மருத்துவர்கள், புற்றுக் கட்டி அறுத்தெடுக்கப்பட்டபின், அக்கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணுப் பிழை இருந்தவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்து, நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டினார்கள். யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதை மருத்துவரே அறிவார், பெட்டிக்கடைக்காரர் அறியார்.

பித்த அமிலத்தையே மருந்தாக்கிய முயற்சியும் உண்டு. உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் சாதுவான ஒரு பித்த அமிலம். கரடியின் பித்தநீரில் மிகுதியாக இருப்பதால் அப்பெயர். இலத்தீன் பூசை கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு 'ஊர்சுஸ்' என்றால் கரடி என்று நாம் சொல்லவேண்டியதில்லை. நாட்பட்ட குடல் அழற்சியோடு ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு அளவாகக் கொடுத்தபோது அது குடலைக் காப்பதுபோல் தோன்றியது. அளவைப் பெருக்கிக் கொடுத்தபோது கட்டிகள் மிகுந்தன என்று 2011-இல் எழுதினார்கள். நல்லதே ஆயினும் அளவு மீறினால் நஞ்சு. மஞ்சளுக்கும் இதே மாதிரி ஒரு கதை. மஞ்சளின் சாரமான குர்க்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று பரிசோதனைக்கூடங்கள் சொல்ல, பரம்பரைச் சதைமுளை நோய் உள்ளவர்களுக்கு ஓர் ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவு: வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. மஞ்சள் குழம்புக்கு மணமும் நிறமும் தருகிறது. அதற்காக அதைப் பயன்படுத்துவோம்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நம் கிராமங்களில் நாம் காணும் இரண்டு நிலைகளைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. களத்து வேலை முடிந்து இடுப்பும் முழங்காலும் நோகத் திரும்புகிறவர்கள், கடையில் பெயர் தெரியாத வலி மாத்திரைகளை இரண்டு, மூன்று என்று கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். அவை பெரும்பாலும் இதே அழற்சி எதிர்ப்பு மருந்துகள்தாம். ஆண்டுக்கணக்கில் உண்டால் சிறுநீரகம் கெடும். இரைப்பை புண்ணாகித் தார் போன்ற கறுத்த மலம் போகும். டெங்குக் காய்ச்சல் காலத்தில் இவை உயிருக்கே ஊறு செய்யும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரினைத் தொடவே கூடாது.

மற்றொன்று இதனினும் கொடிது. மலத்தோடு இரத்தம் போனால் நம்மவர் உடனே சொல்லும் பெயர் மூலம். பேருந்து நிலையச் சுவர்தோறும் 'மூலம், பவுத்திரம்' என்ற விளம்பரம் அதற்கு உடந்தை. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் அதே வழியில்தான் இரத்தம் கசியவிடும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் குடித்து ஆறு மாதம், பச்சிலை கட்டி ஆறு மாதம், வெட்கத்தால் எவரிடமும் சொல்லாமல் ஓராண்டு என்று காலம் கழிகிறது. பெண்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை. இந்நோய் முதியோர்க்கே வருமென்பதும் தவறு. நம் நாட்டில் நாற்பதைத் தாண்டாதவர்களிடமும் இதைக் கணிசமாகக் காண்கிறார்கள். சதைமுளை ஒன்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளாவது ஆகும். அத்தனை காலமும் அது கொலனாஸ்கோப்பிக் குழாயின் வழியாகவே அறுத்தெடுக்கக் கூடிய சிறு முளை. உரோமையில் எடுக்கப்பட்டது சிறிதன்று, ஆனால் காலத்தில் எடுக்கப்பட்டது. இரண்டாம் அருள் சின்னப்பர் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து 2005 ஏப்ரல் 2-ஆம் நாள் வேறு நோய்களால் மரித்தார்.

ஆகவே மலத்தில் இரத்தம், சில வாரங்களுக்குமேல் நீடிக்கும் மலச்சிக்கலோ பேதியோ, காரணமின்றி இளைத்தல், ஆண் ஒருவருக்கு இரத்தசோகை ஆகிய இவற்றுள் எது கண்டாலும் மருத்துவரிடம் சென்று, விரலால் மலக்குடலைச் சோதிக்குமாறு கூச்சப்படாமல் கேட்கவேண்டும். அச்சோதனைக்கு ஒரு கையுறையும் ஒரு நிமிடமும் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை மலத்தில் கண்டறியும் எளிய சோதனையும் உண்டு.

குடும்பத்தில் ஒருவர் ஐம்பது வயதுக்குமுன் குடல் புற்றாலோ கருப்பைப் புற்றாலோ மரித்திருந்தால், அச்செய்தியைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லிவைக்கவேண்டும். பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள் என்று அஞ்சி மூடிவைப்பது வழக்கமாயிருக்கிறது. தாத்தா மரித்த வயது நினைவில்லை என்பவர்கள் பங்குக் குருவிடம் கேட்டால் மரண ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம். காரணம் அதில் எழுதியிராவிட்டாலும் வயது எழுதியிருக்கும். காரணத்தை ஊரில் எஞ்சியிருக்கும் பாட்டிமார் சொல்வார்கள். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும்.